பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய லேப்டாப்

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே கூடி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். எங்கள் மாமா முப்பது வருடமாக அங்கே போகிறவர். ஒரு ஆட்டைப் பார்த்ததும் விலை கேட்க மாட்டார். கீழ்த்தாடையைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார். முதுகெலும்பை விரலால் அழுத்துவார். நாலடி நடக்கவிடுவார். விற்பவர் சொல்லும் வயதைக் காதிலேயே வாங்க மாட்டார். "அவன் சொல்றது வாய் வயசு, மாப்ள. நான் பாக்குறது பல்லு வயசு."

போன ஆடியில் நான் ஆன்லைனில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். வாய் வயதை நம்பினேன். 9,000 ரூபாய் போனது. தீபாவளி கழிந்து இரண்டாவது முறை வாங்கக் கிளம்பியபோது மாமாவையே கூட்டிக்கொண்டு எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆனால் பழைய பொருளை எப்படிப் பார்ப்பது என்று தெரியும்.

அன்று வாங்கி வந்த திங்க்பேட் டி480-ஐ ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனம் இது. கூடவே, இதை மையமாக வைத்து வீட்டில் அமைத்த கம்ப்யூட்டர் மேசையைப் பற்றியும்.

தேவையும் கையிருப்பும்

நான் எரியோட்டைச் சுற்றியுள்ள சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி பிரைம், ஜிஎஸ்டி தளம், எக்செல், வங்கித் தளங்கள், இவைதான் என் வேலை. மகள் கல்லூரி முதலாண்டு; பைத்தான் எழுத வேண்டும், வீடியோ வகுப்பு பார்க்க வேண்டும். பகலில் எனக்கு, இரவில் அவளுக்கு. மொத்தமாக 25,000 ரூபாய் ஒதுக்கியிருந்தேன், மேசைச் சாமான்கள் உட்பட.

டெஸ்க்டாப் ஏன் வேண்டாம் என்றால், முதல் காரணம் கரன்ட். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவது முன்கூட்டியே தெரிந்துவிடும். காற்று மழைக்கு நடுவில் கண் சிமிட்டுகிற மாதிரி அரை நொடி போய் வருவதுதான் ஆபத்து. டேலியில் பாதிப் பதிவின்போது மெஷின் அணைந்தால் டேட்டா கெட்டுப்போகலாம். லேப்டாப்புக்குள்ளேயே யூபிஎஸ் இருக்கிறது; அதன் பெயர்தான் பேட்டரி.

இரண்டாவது காரணம் மீட்டர். சாதாரண டெஸ்க்டாப்பும் திரையும் சேர்ந்து சுமார் 100 வாட் இழுக்கும். தினம் 6 மணி நேரம் என்றால் மாதம் 18 யூனிட். லேப்டாப் 15, திரை 20 என்று வைத்தால் 35 வாட். மாதம் 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாதப் பில்லில் 36-க்குப் பதில் 13. முதல் 100 யூனிட் இலவசம் என்கிற நம் ஊர்க் கணக்கில் இந்த 23 யூனிட் வித்தியாசம் சின்னதில்லை.

புது லேப்டாப் ஏன் இல்லை? 30,000, 35,000 ரூபாய்க்குப் புதியவை கிடைக்கின்றன. ஆனால் அந்த விலையில் வருகிற பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி போதவில்லை என்றால் மாற்ற முடியாது. எரியோட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் சர்வீஸ் சென்டர் தேடிப் பஸ் ஏற என்னால் ஆகாது. ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, நானே பார்த்துக்கொள்ளக்கூடிய மெஷின் வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எட்டு என்ற எண்

பழைய லேப்டாப் வாங்குகிறவர் ஒரே ஒரு எண்ணைப் படிக்கக் கற்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்டெல் பிராசஸர் பெயரில் கோடுக்குப் பின்னால் வருகிற முதல் இலக்கம் தலைமுறை. ஐ5-7200யூ என்றால் ஏழாவது. ஐ5-8250யூ என்றால் எட்டாவது. பத்தாவதிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்.

இந்த ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வரப்பு ஓடுகிறது. 7200யூ-வில் 2 கோர்கள், 8250யூ-வில் 4. மெலிந்த லேப்டாப்களுக்கான ஐ5 வரிசையில் 2017-ல்தான் இந்தத் தாவல் நடந்தது. அதைவிட முக்கியம்: விண்டோஸ் 11-ஐ இன்டெல் மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஆதரிப்பது ஏறக்குறைய எட்டாவது தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அலுவலகங்கள் ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களைத் தள்ளிவிடுகின்றன. கடைகளில் அவை மலிவாகக் குவிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலிவு என்பதற்காக அவை குப்பை இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் நன்றாக ஓடும். பைத்தான் படிக்க, இணையம் பார்க்க அது போதும். ஆனால் எனக்கு டேலி வேண்டும், ஆகவே விண்டோஸ் வேண்டும், ஆகவே எட்டு.

"ஐ7 சார்" என்று ஒரு கடையில் காட்டினார்கள். ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. உள்ளே பார்த்தால் ஐ7-3520எம், மூன்றாம் தலைமுறை, 2 கோர். கிழ ஐ7-ஐவிட இளம் ஐ5 மேல். மாமா சொன்னார்: "கொம்பு பெருசா இருந்தா கிடா இளசுன்னு அர்த்தமா?"

பெங்களூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு

இந்த லேப்டாப்கள் எங்கிருந்து வருகின்றன? பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடும். அப்படிக் கழிகிறவை மொத்த வியாபாரிகளிடம் போய், பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், டெல்லி நேரு பிளேஸ் என்று இறங்கி, அங்கிருந்து மாவட்டத் தலைநகரக் கடைகளுக்கு வரும். அதனால்தான் செகண்ட் ஹேண்ட் சந்தையில் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் ஆகிய அலுவலக ரகங்களே நிறைந்திருக்கின்றன. வீட்டு உபயோக ரகங்கள் குறைவு. நமக்கு இது நல்லதே. அலுவலக ரகங்களின் கீலும் கீபோர்டும் தினம் எட்டு மணி நேர உழைப்புக்கென்று செய்தவை. உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும்.

வீட்டுக் கணினி என்ற பழக்கமே எங்கள் பக்கம் புதிது. 2011 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வைத்திருந்தவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. அதே வருடம் செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அது போன தலைமுறை மாணவர்களின் கதை. 2025–26 பட்ஜெட்டில் மீண்டும், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது வரும் என்றால், இந்தக் கட்டுரையின் பின்பகுதியை மட்டும் படித்தால் போதும்: திரையும் மேசையும் எர்த்தும்.

சாவி இல்லாத பூட்டு

முதல் லேப்டாப்பில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி, விற்றவர் பெயர் வேண்டாம். ஆறாம் தலைமுறை, 8 ஜிபி, பார்க்கப் புதுசு மாதிரி. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. புரட்டாசியில் விண்டோஸ் கெட்டது. பென் டிரைவிலிருந்து மறுபடி போடலாம் என்று பார்த்தால், மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழையவே பாஸ்வேர்டு கேட்டது. முன்பு வைத்திருந்த அலுவலகம் போட்ட பூட்டு. பென் டிரைவில் பூட் ஆகவும் அதே பூட்டு. விற்றவர் போனை எடுப்பதை நிறுத்தினார். ரிப்பேர் கடையில் "போர்டு மாத்தணும்ண்ணே, அதுக்கு இன்னொண்ணே வாங்கிரலாம்" என்றார்கள்.

பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் திண்டுக்கல். அந்த மாவட்டத்துக்காரன் சாவி இல்லாத பூட்டை 9,000 கொடுத்து வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து என் முதல் சோதனை எதுவென்று சொல்லவே வேண்டாம்.

கடையில் முக்கால் மணி நேரம்

திண்டுக்கல் கடையில் டி480 மூன்று இருந்தன. கேட்ட விலை 17,500. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஐ5-8250யூ. நான் பார்த்த வரிசை இது.

பூட்டு: ஆன் செய்ததும் எஃப்1 தட்டி பயாஸுக்குள் போனேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. உள்ளே பாதுகாப்புப் பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இல்லை என்று இருக்கிறதா, கம்ப்யூட்ரேஸ் எனும் தொலைதூரக் கண்காணிப்பு நிரந்தரமாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே காட்டும் சீரியல் நம்பரும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள நம்பரும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்தேன். வேறாக இருந்தால் போர்டு மாற்றிய மெஷினாக இருக்கலாம்.

இன்னொரு பூட்டும் உண்டு. விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும், "இந்த நிறுவனத்தின் கணக்கில் நுழைக" என்று ஒரு திரை வரலாம். பழைய முதலாளியின் பட்டியலிலிருந்து மெஷின் நீக்கப்படவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பது. கடைக்காரத் தம்பி முகம் சுளித்தாலும் செய்தார். அரை மணி நேரம் அதற்கே போயிற்று.

பல்: விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடிக்கும், இப்போது எவ்வளவு பிடிக்கிறது, எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று எழுதிக் காட்டும். டி480-க்கு இரண்டு பேட்டரி: உள்ளே ஒன்று 24 வாட்-அவர், வெளியே கழற்றி மாட்டும் ஒன்று. இதில் வெளியே இருந்ததும் 24தான். இரண்டும் சேர்ந்து 48 இருக்க வேண்டியது, 18-ம் 13-மாக 31 காட்டியது. நான் கணக்குச் சொன்னதும் மாமா அதுவரை திறக்காத வாயைத் திறந்தார்: "பல்லு கொட்டிருச்சேப்பா. வெலையக் கொறை."

எஸ்எஸ்டி: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும். 92 சதவீதம். பரவாயில்லை.

திரை: செகண்ட் ஹேண்டில் டி480 பெரும்பாலும் இரண்டு ரகத் திரைகளில் கிடைக்கும். ஒன்று 1366 × 768, பக்கவாட்டில் பார்த்தால் வெளுக்கும். இன்னொன்று 1920 × 1080, ஐபிஎஸ். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி. டிஸ்ப்ளே செட்டிங்கில் பார்த்தால்தான் தெரியும். மூன்றில் ஒன்றுதான் 1080. எக்செல்லும் டேலியும் பார்க்கிறவர் 768 வாங்கவே கூடாது. பின் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் வைத்து கோடு, திட்டு, புள்ளி தேடினேன். கீழ் ஓரத்தில் ஒரு மங்கல் திட்டு. வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

மற்றவை: எல்லாச் சாவிகளையும் நோட்பேடில் தட்டினேன். எல்லாத் துளைகளிலும் பென் டிரைவ், எச்டிஎம்ஐ கேபிள், நெட் கேபிள் சொருகினேன். இரண்டு யூஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தேன். இந்த மாடலில் இது அவசியம். இரண்டில் ஒன்று தண்டர்போல்ட் துளை; அதன் ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் நாளடைவில் அது செயலிழக்கலாம் என்று சொல்லி லெனோவோவே திருத்தம் வெளியிட்டது. அந்தத் துளைகள் மெயின் போர்டோடு பற்றவைக்கப்பட்டவை வேறு. வாங்கியதும் அந்த அப்டேட்டைப் போட்டுவிடுங்கள்.

சார்ஜர்: கடையில் கொடுத்தது பெயர் தெரியாத டூப்ளிகேட். வேண்டாம் என்றேன். 65 வாட், பின்னால் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளது வேண்டும் என்று கேட்டு மாற்றினேன்.

பில்: "பில் போட்டா 18 பர்சன்ட் கூடும்ண்ணே." இது என் தொழில். பழைய பொருள் வாங்கி விற்கும் வியாபாரி, வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுக்காவிட்டால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்ட விதியிலேயே வழி இருக்கிறது. மொத்த விலைக்கு 18 இல்லை. சொன்னேன். பில் வந்தது, சீரியல் நம்பரோடு, மூன்று மாத வாரண்டி என்று கையெழுத்தோடு. பில் இல்லாத லேப்டாப் திருட்டு லேப்டாப்பாகவும் இருக்கலாம். பின்னாளில் போலீஸ் வந்து கேட்டால் காட்ட அந்தத் தாள் வேண்டும்.

கடைசியில் 16,000-க்கு முடிந்தது. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய மனிதருக்கு, ஸ்டிக்கர் விலையைக் குறைப்பது விளையாட்டு.

ஐந்து மாதம் ஓட்டிய பிறகு

டி480 2018-ல் வந்தது. அந்த வரிசையில் இதற்குத் தனி மரியாதை ஏன் என்றால், ராமுக்கு இரண்டு ஸ்லாட், வெளியே கழற்றும் பேட்டரி, நெட் கேபிள் துளை, முழு அளவு எஸ்டி கார்டு துளை எல்லாம் ஒன்றாக இருந்த கடைசி மாடல்களில் ஒன்று. அடுத்த வருடம் வந்த டி490-ல் வெளிப் பேட்டரி போய்விட்டது. ராமில் ஒரு பகுதி போர்டோடு ஒட்டிக்கொண்டது.

அடி மூடியைத் திறப்பது எளிது. திருகுகளைத் தளர்த்தினால் அவை கீழே விழாமல் மூடியிலேயே நிற்கும். திறக்கும் முன் பயாஸில் போய் உள் பேட்டரியை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் ஞாயிறே திறந்தேன். விசிறியில் பஞ்சு மெத்தை மாதிரித் தூசு. பெயிண்ட் பிரஷால் தட்டி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது வைத்தேன்.

பிறகு பரணில் கிடந்த அந்தப் பூட்டிய லேப்டாப்பை எடுத்தேன். அதிலிருந்த 8 ஜிபி டிடிஆர்4 ராமைக் கழற்றி இதன் காலி ஸ்லாட்டில் சொருகினேன். இதில் இருந்தது 2400 வேகம், அது 2133. இரண்டும் 2133-லேயே ஓடுகின்றன. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் 8 ஜிபி 16 ஆனது நன்றாகத் தெரிகிறது. ராம் விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் இது எனக்கு அதிர்ஷ்டம்தான். உங்களுக்கு அப்படி ஒரு பரண் இல்லையென்றால், வாங்கும்போதே 16 ஜிபியாகப் பேசி வாங்குங்கள்.

வேகம்: ஆன் செய்து 20 நொடிக்குள் டெஸ்க்டாப். டேலியில் மூன்று கம்பெனி, குரோமில் பதினைந்து டேப், ஒரு எக்செல், பின்னால் மகள் ஓடவிட்ட வீடியோ இறக்கம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் திணறவில்லை. வீடியோ எடிட்டிங் செய்து பார்த்தேன். சின்னக் குடும்ப வீடியோவுக்குச் சமாளிக்கும்; 4கே என்றால் விசிறி கத்தும், பொறுமை போகும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத இந்த மெஷினில் கனமான கேம் ஓடாது. வீட்டில் எனக்கு அது நிறை.

கீபோர்டு: இதற்காகவே வாங்கலாம். சாவி ஒவ்வொன்றும் அழுத்தமாகக் கீழிறங்கி எழுகிறது. விண்டோஸ் 11-ல் தமிழ்99 கூடவே வருகிறது. தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. இந்த விமர்சனத்தை இதில்தான் தட்டினேன். நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழை மாமா தொட்டுப் பார்த்து, "இது என்னடா மூக்குத்தி?" என்றார். மவுஸ் வைக்க இடமில்லாத பஸ் பயணத்தில் அந்த மூக்குத்தியின் அருமை தெரியும்.

பேட்டரி: டேலியும் இணையமும் 8, 9 வாட் இழுக்கின்றன. 31 வாட்-அவரில் மூன்றரை மணி நேரம். பராமரிப்பு நாளில் முழுப் பகலும் தாங்காது. வெளிப் பேட்டரியில் 72 வாட்-அவர் ரகமும் உண்டு. நல்லதாகக் கிடைத்தால் வாங்குவேன்.

சூடு: பங்குனி வெயில், ஓட்டுக்கூரை அறை, உள்ளே 36 டிகிரி. ஜூம் வகுப்பு ஓடும்போது பிராசஸர் 85-ஐத் தொட்டது. பேஸ்ட் மாற்றாமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும். மெத்தைமேல் வைக்கக் கூடாது என்பதை மகளுக்கு நாளுக்கு ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

குறை: திரை வெளிச்சம் போதாது. திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்ய நினைத்தால் உங்கள் முகம்தான் தெரியும். கேமரா 720, வீடியோ வகுப்புக்குப் போதும், இன்டர்வியூவுக்குப் போனையே வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ பழைய 1.4 ரகம், 4கே திரையை மாட்டினால் 30 ஹெர்ட்ஸ்தான். 60 வேண்டுமென்றால் யூஎஸ்பி-சி வழியே போக வேண்டும். 1080 திரைக்கு இந்தக் கவலை இல்லை.

மேசையும் எர்த்தும்

பெரும்பாலானவர்கள் லேப்டாப்பில் காசு முழுதையும் போட்டுவிட்டு, அதைக் கட்டில்மேல் வைத்துக் கூனிக்கொண்டு வேலை செய்கிறார்கள். 3,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய 22 இன்ச் திரைதான் என் கழுத்தைக் காப்பாற்றியது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அம்மாவின் தையல் மெஷின் மேசைமேல் பலகை போட்டு, இரண்டு செங்கல்லைத் துணி சுற்றி அடியில் வைத்தேன். கால் மட்டும் பழக்கத்தில் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது. 900 ரூபாய்க்குத் தனி கீபோர்டும் மவுஸும். லேப்டாப் ஓரமாக, இரண்டாவது திரையாக நிற்கிறது: ஒன்றில் பில், ஒன்றில் டேலி. வேலை நேரம் உண்மையாகவே குறைந்தது.

முதல் வாரம் திரையின் பின்பக்க உலோகத்தைத் தொட்டால் விரலில் 'சுர்'ரென்றது. மெஷின் கோளாறு இல்லை; எர்த் இல்லாத பிளக். சார்ஜர், திரை போன்றவற்றின் வடிகட்டி வழியே கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் உடம்பு வழியே போகிறது. சின்னக் கசிவுதான், ஆனால் எச்டிஎம்ஐ துளைகளுக்கு அது நல்லதில்லை. நாளை வேறொரு சாமானில் பெரிய கசிவு வந்தால் உயிருக்கும் நல்லதில்லை. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, எர்த் குழி காய்ந்துபோயிருக்கிறது என்றார். எங்கள் பக்கத்து மண் கோடையில் ஈரமே இல்லாமல் இறுகிவிடும். குழியில் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, மூன்று பின் பிளக் மாற்றி, 1,400 வாங்கினார். கோடை முழுதும் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு. சுர் நின்றது.

கரன்ட் போனால் லேப்டாப் ஓடும். வைஃபை பெட்டி அணைந்துவிடும். ரூட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் 1,300-க்குக் கிடைக்கிறது. ரிட்டர்ன் தாக்கல் கடைசி நாளில் அது பத்து மடங்கு பெறும்.

இன்னொன்று, நகரத்துக்காரர்கள் எழுதாதது. இரவில் மூடி வைத்த லேப்டாப்பின் காற்றுத் துளைகளில் எறும்பும் பல்லிக்குஞ்சும் நுழையும். கதகதப்பு அவற்றுக்குப் பிடிக்கும். பருத்தித் துணி உறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு மட்டும் மூடுங்கள்.

கணக்கு

லேப்டாப் 16,000. திரை 3,500. கீபோர்டு, மவுஸ் 900. தெர்மல் பேஸ்ட், பிரஷ் 350. எர்த், பிளக் 1,400. ரூட்டர் யூபிஎஸ் 1,300. பூட்டிய லேப்டாப்பின் எஸ்எஸ்டியைக் கழற்றி பேக்கப் டிஸ்க்காக மாற்ற வாங்கிய உறை 350. மொத்தம் 23,800. ஒதுக்கிய 25,000-க்குள் வந்துவிட்டது.

நேர்மையாகச் சொன்னால் அந்த 9,000-ஐயும் சேர்க்க வேண்டும். 32,800. அந்தக் காசுக்கு வாரண்டியோடு ஒரு புது லேப்டாப்பே வந்திருக்கும். பல்லைப் பார்க்காமல் வாங்கினால் செகண்ட் ஹேண்ட் மலிவே இல்லை.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

கணக்கு, எழுத்து, படிப்பு, கோடிங் தொடக்கம், வீட்டில் இருந்து அலுவலக வேலை: தயங்காமல் வாங்கலாம். வீடியோ எடிட்டிங்கில் பிழைப்பவர், கேம் ஆடுபவர், தினமும் தூக்கிக்கொண்டு வெளியே அலைபவர்: வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாலே பயம் என்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்து, ஒரு வருட வாரண்டி தரும் கடையில் வாங்கட்டும்.

நிறை: கீபோர்டு, இரண்டு ராம் ஸ்லாட், கழற்றும் பேட்டரி, எளிதில் திறக்கும் உடல், விண்டோஸ் 11.
குறை: மங்கல் திரை, பழைய கேமரா, போர்டோடு ஒட்டிய யூஎஸ்பி-சி, வாங்கும்போதே தேய்ந்திருக்கும் பேட்டரி.
மதிப்பெண்: 10-க்கு 8. திரை 768 என்றால் 5.

போன வியாழக்கிழமை சந்தை முடிந்து மாமா வீட்டுக்கு வந்தார். பரணிலிருந்து இறக்கிய பழைய லேப்டாப்பின் கூடு மூலையில் கிடந்தது. ராம் எடுத்தாயிற்று, எஸ்எஸ்டி எடுத்தாயிற்று, மிச்சம் மின்கழிவுக்குப் போக வேண்டியது. எதிலிருந்து என்ன எடுத்தேன், எங்கே மாட்டினேன் என்று சொன்னேன். தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த திண்டுக்கல்லுக்கு வருடக்கணக்கில் தோல் அனுப்பியவர் அவர். கூட்டைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"சரி விடு மாப்ள. செத்த ஆட்டுல தோலாவது தேறுச்சே."